ஜெபத்தில் சொல்லாமல் விட்ட பெயர்

மகனே, நீ இப்போது தூளியில் தூங்குகிறாய். ஒரு கால் மட்டும் வெளியே தொங்குகிறது. இன்னும் உட்காரக்கூடத் தெரியாத உனக்கு இவ்வளவு பெரிய கடிதம் எழுதுகிறேனே என்று எனக்கே சிரிப்பாக இருக்கிறது. எனக்குப் பத்தொன்பது வயது. நீ இதைப் படிக்கும்போது இன்றைய என்னைவிடப் பெரியவனாக இருப்பாய். அந்தப் பெரியவனிடம் பேசுவதாக நினைத்துத்தான் எழுதுகிறேன். உனக்குக் கல்யாணம் நிச்சயமாகும் நாளில் இதைக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறேன். நேரில் சொல்ல எனக்கு வராது. எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதுதான் காரணம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. எழுந்து நின்று வாசி என்று டீச்சர் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் எனக்கு விடிந்ததுமே வயிறு வலிக்கும். வீட்டோடு இரு என்று அப்பா சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதன் பிறகு பீங்கான் பொம்மை செய்கிற ஷெட்டுக்கு வேலைக்குப் போனேன். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைக்கு இரண்டு பக்கமும் ஒட்டுத் தெரியும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை அது. எழுதுவதும் அப்படித்தான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நாளைக் காலை சேலம் போகும் ரயிலில் உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறேன். உன் அப்பாவும் வருவார், ஆனால் சேலம் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து ஒரு ஆஸ்பத்திரிக்கு நீயும் நானும் மட்டும் போக வேண்டும். அங்கே பெருக்கித் துடைக்கிற வேலையில் இருக்கும் ஒருவரைத் தேடி, நீங்கள்தான் எஸ்தரா என்று கேட்க வேண்டும். எஸ்தர் உன் அத்தையின் பெயர், உன் அப்பாவுடன் பிறந்த அக்கா. சேலத்தில் இருப்பவர் அவராக இல்லாமலும் இருக்கலாம். கடைக்காரரிடம் உப்பு கேட்கவே தயங்குகிற என்னிடம் இந்த வேலை எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால், நம் வீட்டு ஜெபத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நம் வீட்டில் விளக்கு வைத்ததும் பாய் விரித்து எல்லாரும் உட்காருவோம். ஒரு கீர்த்தனை, வேதத்தில் ஒரு அதிகாரம், அதன் பிறகு உன் தாத்தா ஜெபம் பண்ணுவார். அவர் சூளை வேலைக்காரர். கோப்பைகளையும் பொம்மைகளையும் பச்சையாக உள்ளே அடுக்கி, தீ மூட்டி, ஆறியதும் வெளியே எடுப்பவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடிப்பில் வெள்ளை மண் கொஞ்சம் தங்கியிருக்கும். சபையில் அவர் மூப்பர். எந்த வீட்டிலாவது புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்றால் போதகர் உன் தாத்தாவைத்தான் அனுப்புவார். அவர் போய் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஜெபித்துவிட்டு வந்தால் அந்த வீடு அடங்கிவிடும் என்று அவருக்குப் பெயர். மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள். உன் தாத்தா நல்ல மனிதர். நான் கல்யாணமாகி வந்த அன்று வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். சுற்றி நின்ற பெண்கள் ஊமையா, செவிடா என்று கேலி பேசினார்கள். “அந்தப் பொண்ண யாரும் கேள்வி கேக்காதீங்க. பேசணும்னு தோணுறப்ப பேசட்டும்” என்று சொன்னவர் அவர்தான்.

ஜெபத்தில் அவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பார். தன் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள், பிறகு தன் மனைவியான உன் ஆயா, அதற்கடுத்து உன் அப்பா. உன் அப்பா பெயரைச் சொன்னதும் நிறுத்திவிடுவார். இரண்டு மூச்சு, மூன்று மூச்சு நேரம் வீடு சத்தமில்லாமல் இருக்கும். பிறகு, எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் இந்தப் பிள்ளையையும் ஆசீர்வதியும் என்று என்னைச் சொல்லி முடிப்பார். முதலில் இருமலுக்காக நிறுத்துகிறார் என்று நினைத்தேன். சூளைப் புழுதியில் நிற்பவர்களுக்கு இருமல் சகஜம். ஆனால் இருமல் வராது. தினமும் அதே இடத்தில் நிற்பார். உன் ஆயாவின் உதடு மட்டும் லேசாக அசையும். என் பெயர்தான் அவருக்கு வாயில் வரவில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டேன். புதிதாக வந்தவள், பேசாதவள், என் பெயர் எப்படி அவர் மனதில் நிற்கும்.

கொல்லைப் பக்கம் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

“மாமாவுக்கு எம்பேரு மறந்து மறந்து போவுதுங்க. தெனம் அந்த எடத்துல வந்து நின்னுடறாரு.”

அவர் நிமிரவில்லை. பெடலைச் சுற்றிக்கொண்டே சொன்னார். “நீதான் எடுத்துக் குடேன். இப்படி ஊமையாட்டம் ஒக்காந்திருந்தா அவரு என்னா பண்ணுவாரு.”

பேச்சை மாற்றுவதற்காக அவர் கேலியாகச் சொன்னது அது. எனக்குக் கேலி உடனே புரியாது. அன்று சாயங்காலம் ஜெபத்தில் அந்த இடம் வந்தபோது என் பெயரை மெதுவாகச் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். உன் அப்பா தலையைக் குனிந்திருந்தார். உன் ஆயா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. உன் தாத்தா மட்டும் கண்ணைத் திறக்காமல், என் பெயரைத் திருத்தமாக, முழுதாகச் சொல்லி ஜெபத்தை முடித்தார். அவருக்கு என் பெயர் முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

அடுப்படியில் உன் ஆயா குழம்பைக் கிளறியபடியே சொன்னார். “அது உன் எடம் இல்லம்மா. எம்பொண்ணு எடம்.”

அன்றுதான் உன் அத்தையைப் பற்றி எனக்குத் தெரிந்தது. கல்யாணம் பேசும்போது பெரிய மகள் வெளியூரில் இருக்கிறாள் என்று மட்டும்தான் எங்கள் வீட்டில் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. உன் அத்தையைச் சேத்தியாத்தோப்பில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை சபையில் பாடுகிறவர், நல்ல குரல் என்று எல்லாரும் புகழ்ந்த ஆள். சில மாதத்திலேயே உன் அத்தை கண் வீங்கி, கன்னம் கறுத்துத் திரும்பி வந்தார். உன் தாத்தா அவரைப் பாயில் உட்காரவைத்து அதிகாரம் வாசித்தார், ஜெபம் பண்ணினார், எல்லாரும் அழுதார்கள். சபை முன்னால் சேர்த்த கையைப் பிரிக்க நாம் யார் என்று கேட்டார். மறுநாள் தானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், மாப்பிள்ளைக்கும் புத்தி சொல்லி ஜெபித்துவிட்டு வந்தார். மற்ற வீடுகளில் எதைச் செய்வாரோ அதையே தன் மகளுக்கும் செய்தார். தன் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தார். மறுபடியும் உன் அத்தை வந்தார், அப்போது கை முறிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். மறுபடியும் ஜெபம், மறுபடியும் பஸ். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது உன் அத்தை கேட்டாராம், “அப்பா, இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போவட்டா?” என்று. உன் தாத்தா அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார், “நாளாவ ஆவ போறதுக்குக் கஷ்டமா இருக்கும்மா” என்று.

அதற்கடுத்து உன் அத்தை நம் வீட்டுக்கு வரவில்லை. மாப்பிள்ளை வந்து வாசலில் நின்று, உங்கள் பெண் எங்கே என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் வந்து விருத்தாசலத்தில் இறங்கியிருக்கிறார். இறங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் வீடு நடந்து வருகிற தூரம்தான். அவர் இந்தப் பக்கம் திரும்பாமல் ஜங்ஷன் பக்கம் நடந்திருக்கிறார். எந்த ரயிலில் ஏறினார் என்று யாருக்கும் தெரியவில்லை.

இதைக் கேட்ட பிறகு அந்த வீட்டில் என்னால் தனியாக இருக்க முடியவில்லை. நான் கவனிக்காமல் விட்டதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. வாசல் படல் காற்றில் அசைந்தால் உன் ஆயா கையில் இருப்பதை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார். ரோட்டில் சேத்தியாத்தோப்பு பஸ் எதிரே வந்தால் உன் தாத்தா செருப்பைச் சரி செய்வது போலக் குனிந்துகொள்வார். நீ வயிற்றில் இருந்தபோது உன் ஆயா பெட்டியிலிருந்து ஒரு நீலச் சேலையை எடுத்துக் கொடுத்தார். சும்மா கிடந்து மடிப்பில் கிழிகிறது, நீயாவது கட்டு என்றார். அதைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பினால் உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. சைக்கிளை நிமிர்த்தினார். சாயங்காலத்துக்குள் உன் ஆயா உன் அத்தையின் அந்தச் சேலையைத் திருப்பி வாங்கி மடித்து உள்ளே வைத்துவிட்டார். இப்படித்தான் இருந்தோம். ஒருவரும் பெயர் சொல்லாத ஒருவர் எங்களுடனேயே சாப்பிட்டு, எங்களுடனேயே எழுந்து நடந்துகொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் உன் தாத்தாவுக்கு இருமல் முற்றிப் பேச முடியாமல் போனது. ஒரு நாள் ஜெபத்தில் கீர்த்தனை முடிந்ததும் என்னைக் கை காட்டினார். “இன்னிக்கு நீ பண்ணும்மா” என்றார். நான் அதுவரை நாலு பேர் கேட்க ஜெபம் பண்ணியதே இல்லை. எனக்கு வார்த்தைகள் தெரியாது. அவர் சொல்கிற வார்த்தைகள்தான் தெரியும். அதனால் அவர் சொல்வதையே அவர் சொல்கிற வரிசையில் சொல்லிக்கொண்டு போனேன். தம்பிகள், பிள்ளைகள், உன் ஆயா, உன் அப்பா. அங்கே வந்ததும் நானும் நின்றுவிட்டேன். வேண்டுமென்று நிற்கவில்லை. அவருடைய ஜெபத்தில் அந்த இடம் அப்படித்தான் இருந்தது, நான் அதையும் சேர்த்துப் பாடம் பண்ணியிருக்கிறேன். நீ அப்போது உள்ளே உதைத்தாய். இந்த வீட்டில் வளர்ந்து பேச்சுப் படிக்கப் போகும் நீயும் இதே இடத்தில் இப்படி நிற்கப் பழகுவாய் என்று நினைத்ததும் எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் வாய் திறந்தது.

“ஆண்டவரே, எஸ்தர் அண்ணி எங்க இருந்தாலும் வவுறு நெறைய சாப்புட்டிருக்கணும். அவங்கள யாரும் அடிக்காம இருக்கணும்.”

அவ்வளவுதான் சொன்னேன். அடி என்ற சொல்லை அந்த வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. கஷ்டம் என்பார்கள், மனஸ்தாபம் என்பார்கள். உன் தாத்தா ஆமென் சொல்லவில்லை. பாயிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார்.

“அவளுக்கு எப்படி ஜெபிக்கறதுன்னு எனக்குத் தெரியலம்மா. அந்தப் புருஷனோட சேர்த்து வையும்னு கேக்கறதா? அத வாயால சொல்ல முடியல. உசுரோட இருக்கறாளா இல்லியான்னே தெரியல. செத்தவங்களுக்கு ஜெபிக்கற பழக்கம் நமக்குக் கெடையாது. தெனமும் அந்த எடத்துக்கு வரேன். என்னா கேக்கறதுன்னு தெரியல.” கொஞ்சம் இருமிவிட்டு, “பஸ்ஸுல ஜன்னலோரமா எடம் புடிச்சு அவள ஒக்கார வெச்சேன்” என்றார்.

உன் ஆயா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்கிறோம். பெயரைச் சொன்னதால் எதுவும் லேசாகிவிட்டது என்று நினைக்காதே. சொல்லாதபோது ஒரு இடத்தில்தான் இருந்தார். இப்போது வீடு முழுக்க இருக்கிறார்.

நீ பிறந்த பிறகு, தன் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கச் சேலம் போய் வந்த ஒரு அக்கா, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது உன் ஆயாவைத் தனியே கூப்பிட்டார். “பெரியம்மா, வராண்டா பெருக்கற பொண்ணு ஒண்ணு, அப்படியே உங்க பையன் கண்ணு. எஸ்தருன்னு கூப்புட்டுப் பாத்தேன். திரும்பல. ஆனா தொடப்பம் நின்னுடுச்சு.”

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. உன் தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தான் போவதாகச் சொன்னார்.

“நீங்க போவக் கூடாது” என்றார் உன் ஆயா. அவர் உன் தாத்தாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. “உங்களப் பாத்தா அவ அந்த ஊர உட்டும் ஓடிப்போயிடுவா. திருப்பிக் கொண்டுபோயி உடத்தான் அப்பா வந்திருக்காருன்னு நெனைப்பா.”

“அப்படின்னா நீ போ.”

“நான் மட்டும் யாரு. அவ பொட்டியக் கட்டிக் குடுத்தவதான.”

“நான் போயிட்டு வரேன்” என்றார் உன் அப்பா.

“பொட்டிய சைக்கிள்ல வெச்சு பஸ்ஸு ஸ்டாண்டு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனது யாருடா?”

உன் ஆயா இதைக் கேட்டதும் உன் அப்பா உட்கார்ந்துவிட்டார். காகிதம் போட்டாலும் கையெழுத்தைப் பார்த்ததும் உன் அத்தை வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று பயந்தார்கள். கடைசியில் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் உன் அத்தையை அனுப்பி வைக்காதவள் நான் ஒருத்திதான்.

“இவளா? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுதுட்டுத் திரும்பி வந்துடுவா” என்றார் உன் அப்பா.

“அழுதா அழுவட்டும். கொழந்தையத் தூக்கிக்கிட்டுப் போவட்டும். கைக்கொழந்த வெச்சிருக்கறவளப் பாத்து யாரும் பயப்பட மாட்டாங்க” என்றார் உன் ஆயா.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது உன் தாத்தா தூளி அருகில் வந்து நின்றார். உன்னை அசைத்துக்கொண்டே என்னிடம் பேசினார். “அவகிட்ட ஜெபம் ஒண்ணும் பண்ண வேணாம்மா. வசனமும் சொல்ல வேணாம். வூட்டுக்கு வான்னும் சொல்லாத. அங்க இருக்கறது அவளுக்கு நல்லாருந்தா இருக்கட்டும். கூட்டிக்கிட்டுப் போவ யாரும் வர மாட்டாங்கன்னு மட்டும் சொல்லு.”

“நீங்க விசாரிச்சீங்கன்னு சொல்லட்டுங்களா மாமா?”

தூளியின் மடிப்பைச் சரிசெய்தார். “அவளா கேட்டா சொல்லு. கேக்கலன்னா வேணாம்.”

மகனே, உனக்குப் புத்தி சொல்லும் அளவுக்கு எனக்கு வயதும் இல்லை, படிப்பும் இல்லை. இந்த வீட்டில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஜெபம் பண்ணுகிற வீடு என்பதால் அங்கே யாருக்கும் அடி விழாது என்று நம்பாதே. நன்றாகப் பாடுகிறவனைப் பார்த்துப் பெண் கொடுக்காதே. நீயும் உன் மனைவி மேல் கை வைக்காதே. வைத்துவிட்டு மண்டியிடுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. உன் வீட்டுக்கு வரும் பெண் பேசாதவளாக இருந்தால், அவள் எதையும் கவனிக்கவில்லை என்று நினைக்காதே. எதையாவது அவளிடமிருந்து மறைத்தால் அவள் தன்னைப் பற்றித்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வாள், நான் நினைத்தது போல. உனக்கு ஒரு மகள் பிறந்து, கட்டிக் கொடுத்து, அவள் ஒரு நாள் வாசலில் வந்து நின்றால், ஏன் வந்தாய் என்று கேட்காதே. தண்ணீர் கொடு, சோறு போடு, தூங்கவிடு. இரண்டு நாள் இருக்கட்டுமா என்று அவள் கேட்கும்படி வைக்காதே. அன்பு என்றால் விட்டுக்கொடுப்பது, சகிப்பது என்று நம் சபையில் சொல்லித் தருகிறார்கள். சரிதான். ஆனால் யார் உடம்பை யார் விட்டுக்கொடுப்பது என்று உன் தாத்தா அப்போது கேட்டுப் பார்க்கவில்லை. இப்போது சூளை முன்னால் நிற்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்குப் போதகர் கூப்பிட்டு அனுப்பினால் இப்போது அவர் போவதில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறார்.

நாளை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் வேறு யாராகவோ இருக்கலாம். உன் அத்தையாகவே இருந்து, நான் எஸ்தர் இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் நான் நம்பியது போல நடந்துகொள்ள வேண்டும் என்று முடிவு பண்ணியிருக்கிறேன். யாரும் கூட்டிப்போக வரமாட்டார்கள் என்ற ஒரு வார்த்தையை மட்டும் எப்படியாவது சொல்லிவிட்டு வர வேண்டும். அதைக் காலையிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பின்னால் இந்தக் கதையை மற்றவர்கள் உனக்கு வேறு மாதிரி சொல்வார்கள். எல்லாம் ஆண்டவர் சித்தம் என்பார்கள், சபையில் சாட்சியாகக்கூடச் சொல்வார்கள். எப்படி முடியும் என்று தெரியாத இந்த மத்தியானத்தில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பது உனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இன்றைக்கே எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் உனக்கு முடிவு தெரிந்திருக்கும். ஒருவேளை உன் அத்தை கையால் சோறு சாப்பிட்டு வளர்ந்திருப்பாய், இதையெல்லாம் படித்துவிட்டு அவரிடமே போய்க் கேட்பாய். அப்படியில்லாமல், இந்தக் கடிதத்தில்தான் எஸ்தர் என்ற பெயரை முதன்முதலாகப் பார்க்கிறாய் என்றால், சேலத்திலிருந்து திரும்பி வந்த பிறகு நானும் மற்றவர்களைப் போல வாயை மூடிக்கொண்டேன் என்று அர்த்தம். அதற்காக என்னைக் கோபித்துக்கொள், எவ்வளவு வேண்டுமானாலும். கோபித்து முடித்ததும் ரயிலேறிப் போய் அவரைத் தேடு.